கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு பொறுப்பு: கப்பி மீன் வளர்ப்பில் கவனிக்க வேண்டியவை

மாத்தளை நகரிலும் தம்புள்ளை, கலேவெல, உக்குவளை, இரத்தோட்டை போன்ற ஊர்களிலும் பாடசாலை விடுமுறைக் காலங்களில் வீடுகளுக்குப் புதிதாக வந்து சேரும் உயிர்களுள் கப்பி மீனுக்குத் தனியிடம் உண்டு. விலை குறைவு, நிறம் அழகு, பிள்ளைகளுக்கு அது பெரும் மகிழ்ச்சி. பொலித்தீன் பையொன்றில் நீருடன் கட்டிக்கொடுக்கப்படும் நான்கைந்து மீன்கள் அன்றைய தினமே கண்ணாடிக் குவளையொன்றிலோ சிறு தொட்டியொன்றிலோ விடப்படுகின்றன. ஆனால் ஒரு வாரம், பத்து நாட்கள் கழிந்தபின் அவற்றுள் எத்தனை எஞ்சியிருக்கின்றன என்று கேட்டால் பல வீடுகளில் கிடைக்கும் பதில் மகிழ்ச்சி தருவதாக இல்லை. "கப்பி என்றால் அப்படித்தான், நீண்ட நாள் இராது" என்று பெரியவர்கள் சமாதானம் கூறுகின்றார்கள். மீண்டும் நான்கைந்து மீன்கள் வாங்கப்படுகின்றன. அவையும் இறக்கின்றன.

இந்தச் சமாதானம் உண்மைக்குப் புறம்பானது என்பதை முதலில் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம். கப்பி பலவீனமான மீன் அன்று. எமது நகரங்களின் வடிகான்களிலும் கழிவுநீர் கலந்த சிற்றோடைகளிலும் யாருடைய பராமரிப்புமின்றிப் பல்கிப் பெருகி வாழ்கின்ற மீன் அது. நன்கு பேணப்பட்டால் இரண்டு, மூன்று ஆண்டுகள் வரை உயிர்வாழக் கூடியது. வடிகானில் வாழும் மீன் தெளிந்த நீர் நிரம்பிய கண்ணாடித் தொட்டியில் ஏன் இறக்கின்றது? இக்கேள்விக்கு விடை கண்டவர்கள் கப்பி வளர்ப்பின் பெரும்பகுதியைக் கற்றுக்கொண்டவர்கள் ஆவர்.

கப்பியின் தாயகம் தென் அமெரிக்காவின் வடபகுதியும் அதனையடுத்த ட்ரினிடாட் தீவுமாகும். 1859ஆம் ஆண்டில் வெனிசுவேலாவிலிருந்து கிடைத்த மாதிரிகளைக் கொண்டு ஜேர்மனிய விலங்கியலாளர் பீற்றர்ஸ் இதற்குப் பொசீலியா ரெட்டிகுலேட்டா என்னும் விஞ்ஞானப் பெயரைச் சூட்டினார். ட்ரினிடாட்டில் வாழ்ந்த ரொபர்ட் ஜோன் லெச்மியர் கப்பி என்பவர் லண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவைத்த மாதிரிகளை 1866இல் ஆராய்ந்த குந்தர், அனுப்பியவரின் பெயரையே மீனுக்கு வைத்தார். விஞ்ஞானப் பெயராக முந்தையதே நிலைத்தபோதிலும் மக்கள் நாவில் நின்றது கப்பி என்னும் பெயரே. நுளம்பின் குடம்பிகளை விரும்பி உண்ணும் மீன் என்பதால் மலேரியாவைக் கட்டுப்படுத்தும் நோக்கத்துடன் உலகின் பல நாடுகளுக்கு அது கொண்டு செல்லப்பட்டது. கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கைக்கும் அவ்வாறே வந்து சேர்ந்தது. இன்று எமது நாட்டிலிருந்து ஏற்றுமதியாகும் நன்னீர் அலங்கார மீன்களுள் கப்பி முன்னணியில் நிற்கின்றது. வீட்டு முற்றத்துச் சீமெந்துத் தொட்டிகளில் கப்பி வளர்த்து வருமானம் பெறும் குடும்பங்களும் உள்ளன. எனவே இது சிறுவர்களின் பொழுதுபோக்கு மாத்திரமன்று.

இனி, முன்னர் எழுப்பிய கேள்விக்கு வருவோம். மீன் சுவாசிக்கும்போதும் கழிவை வெளியேற்றும்போதும் அமோனியா என்னும் நச்சுப்பொருள் நீரிற் கலக்கின்றது. உண்ணப்படாது அடியில் அழுகும் உணவும் அமோனியாவையே உண்டாக்குகின்றது. ஓடும் நீரில் இது கரைந்து அகன்றுவிடும். கற்களிலும் சேற்றிலும் தாவரங்களிலும் வாழும் பற்றீரியாக்கள் எஞ்சியதை முதலில் நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றிவிடும். நைத்திரைற்றும் நஞ்சேயாகும், நைத்திரேற்று ஒப்பீட்டளவில் தீங்கு குறைந்தது. வடிகானின் நீர் எமது கண்ணுக்கு அசுத்தமாகத் தோன்றினாலும் அங்கு இந்தப் பற்றீரியாக்கள் நிறைந்துள்ளன. கடையிலிருந்து அன்று வாங்கிவந்து கழுவித் துடைத்து நீர் நிரப்பிய தொட்டியிலோ அவை இல்லை. நீர் பளிங்குபோலத் தெளிந்திருக்கும். ஆனால் நாளுக்கு நாள் நஞ்சு ஏறிக்கொண்டிருக்கும். மீன் இறப்பது நோயினாலன்று, தனது கழிவினாலேயே என்பதுதான் பெரும்பாலான வீடுகளில் நடப்பதாகும்.

ஆகவே தொட்டியை முதலில் தயார்செய்து, மீனைப் பின்னர் வாங்குவதே முறையாகும். நீர் நிரப்பி, வடிகட்டியை இயக்கி, நீர்த்தாவரங்களை நட்டு, மிகச் சிறிதளவு மீனுணவை இட்டுவந்தால் நான்கு முதல் ஆறு வாரங்களில் பயன்தரும் பற்றீரியாக்கள் குடியேறிவிடும். ஏற்கனவே மீன் வளர்க்கும் ஒருவரின் நோயற்ற தொட்டியிலுள்ள வடிகட்டிப் பஞ்சின் ஒரு துண்டைப் பெற்று வைத்தால் இக்காலம் வெகுவாகக் குறையும். அதன்பின்னரும் ஒரே நாளில் பத்து மீன்களை விடாது, இரண்டு மூன்றாகத் தொடங்குவது நல்லது. இந்தப் பற்றீரியாக்கள் பெரும்பாலும் வடிகட்டியின் பஞ்சிலேயே வாழ்கின்றன. அதனைக் குழாய் நீரிற் கழுவுவது அவற்றை அழிப்பதற்குச் சமமாகும். தொட்டியிலிருந்து வெளியே எடுத்த நீரிலேயே பஞ்சை இலேசாக அலசி மீண்டும் பொருத்த வேண்டும். மாதமொருமுறை தொட்டியை முழுமையாகக் காலிசெய்து, கற்களையெல்லாம் தேய்த்துக் கழுவிப் புதுநீர் நிரப்பும் பழக்கம் சுத்தம்போலத் தோன்றினாலும் மீன்களுக்கு அதைவிடக் கேடு விளைவிப்பது வேறொன்றில்லை. வாரத்துக்கு ஒருமுறை நீரில் நான்கிலொரு பங்கை மாத்திரம் மாற்றுவதே போதுமானது.

மாற்றும் நீர் எத்தகையது என்பதும் கவனத்துக்குரியது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் குழாய் நீரில் கிருமி ஒழிப்புக்காகக் குளோரின் சேர்க்கப்படுகின்றது. மனிதருக்குப் பாதுகாப்புத் தரும் அந்த அளவே மீனின் பூக்களை எரிக்கவும் பற்றீரியாக்களைக் கொல்லவும் போதுமானது. அகன்ற வாளியொன்றில் நீரைப் பிடித்து ஒருநாள் முழுதும் திறந்து வைத்தால் குளோரின் காற்றிற் கலந்து அகன்றுவிடும். அவசரமானால் கடைகளில் விற்கப்படும் குளோரின் நீக்கித் திரவத்தைப் பயன்படுத்தலாம்.

கிணற்று நீரைப் பயன்படுத்துவோருக்கு வேறொரு விடயம் உண்டு. தம்புள்ளை, கலேவெல போன்ற வறண்ட பகுதிகளில் கிணற்று நீர் பல இடங்களில் கடினத்தன்மை வாய்ந்தது. கேத்திலின் அடியில் வெண்ணிறமாகப் படியும் சுண்ணாம்பே அதற்குச் சாட்சி. தேநீருக்குப் பொருந்தாத அந்த நீர் கப்பிக்கு மிகப் பொருத்தமானதாகும். மென்னீரிலும் அமிலத்தன்மையான நீரிலும் அது சோர்ந்துபோகும். ஆயினும் காரத்தன்மை மிகுந்த நீரில் அமோனியாவின் நச்சுத்தன்மை பன்மடங்கு அதிகரிக்கின்றது. எனவே வறண்ட வலயத்தில் மீன் வளர்ப்போர் கூடுதலான உணவிடுவதையும் மீன்களை நெருக்கி அடைப்பதையும் மற்றவர்களைவிட அதிகமாகத் தவிர்க்க வேண்டியவர்களாவர். மலைப்பகுதி ஊற்று நீர் பெரும்பாலும் மென்மையானது. அத்தகைய நீரைப் பயன்படுத்துவோர் நன்கு கழுவிய முருகைக்கல் துண்டு அல்லது சிப்பியோடுகள் சிலவற்றைத் தொட்டியில் இட்டால் கடினத்தன்மை மெல்ல உயரும்.

வெப்பநிலை விடயத்திலும் மாத்தளை மாவட்டம் ஒரே தன்மையானதன்று. கப்பிக்கு ஏற்றது 22 முதல் 28 பாகை செல்சியஸ் வரையான வெப்பநிலையாகும். தம்புள்ளையில் ஆண்டு முழுவதும் இதற்குக் குறைவில்லை. வெயில் விழும் யன்னலோரத்தில் வைக்கப்படும் சிறு தொட்டியின் நீர் கொதிப்பதுதான் அங்குள்ள ஆபத்து. மறுபுறம் இரத்தோட்டை, எல்கடுவ போன்ற மலைப்பாங்கான இடங்களிலும் தோட்டக் குடியிருப்புகளிலும் மார்கழி, தை மாத இரவுகளில் நீர் கணிசமாகக் குளிர்கின்றது. குளிரைவிடவும் பகலுக்கும் இரவுக்குமிடையிலான ஏற்ற இறக்கமே மீனின் நோயெதிர்ப்பை அதிகம் பாதிக்கின்றது. மூன்று நான்கு லீற்றர் கொள்ளளவுடைய குவளை விரைவாகச் சூடேறி விரைவாகக் குளிரும். முப்பது, நாற்பது லீற்றர் தொட்டி அவ்வாறு மாறாது. பெரிய தொட்டியைப் பராமரிப்பது சிரமம் என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் சிறிய தொட்டியே சிரமமானது. முப்பது லீற்றர் தொட்டிக்குப் பத்து மீன்களுக்கு மேல் வேண்டாம். 2022ஆம் ஆண்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவிய நாட்களை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். காற்றுக் குழாய் நின்றுபோகும் அத்தகைய வேளைகளில் மீன்கள் குறைவாகவுள்ள, நீர்ப்பரப்பு அகன்ற தொட்டிகளே தாக்குப்பிடிக்கக் கூடியவை.

உணவைப் பொறுத்தவரை அன்பின் மிகுதியே கேடாக முடிகின்றது. கப்பி எந்நேரமும் பசித்ததுபோல மேலே வந்து வாயசைக்கும். வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் ஒவ்வொரு சிட்டிகை இட்டால் நாள் முடிவில் அடியில் அழுகும் உணவே மிஞ்சும். காலையும் மாலையும், இரண்டு நிமிடங்களில் உண்டு முடிக்கக்கூடிய அளவே போதும். வாரத்தில் ஒருநாள் உணவின்றி விடுவதால் தீங்கில்லை. வீட்டில் உணவிடும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைப்பது சிறந்தது.

கப்பி முட்டையிடுவதில்லை, குஞ்சுகளை ஈனும். ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இருபது, முப்பது, சிலவேளை அதற்கும் மேற்பட்ட குஞ்சுகள் பிறக்கும். ஒருமுறை ஆணுடன் சேர்ந்த பெண்மீன் உயிரணுவைத் தன்னுடலிற் சேமித்துப் பல மாதங்கள் வரை மீண்டும் மீண்டும் குஞ்சு ஈனவல்லது. ஆண்கள் கூடுதலாக இருந்தால் பெண்மீன்கள் ஓய்வின்றித் துரத்தப்பட்டு மெலிந்து இறக்கும். ஓர் ஆணுக்கு இரண்டு அல்லது மூன்று பெண்கள் என்ற விகிதம் பொருத்தமானது. குஞ்சுகள் வேண்டாதவர்கள் ஆண்களை மாத்திரம் வளர்க்கலாம். நிறத்தின் அழகும் ஆண்களிடமே அதிகம். அடர்ந்த நீர்த்தாவரங்கள் இருந்தால் பெரிய மீன்களின் வாய்க்குத் தப்பிச் சில குஞ்சுகள் பிழைக்கும். ஒரே குடும்பத்து மீன்கள் தலைமுறை தலைமுறையாகத் தமக்குள்ளேயே இனம்பெருகினால் பலவீனமும் முதுகு வளைவும் தோன்றுவதால், இடையிடையே வேறிடத்து மீன்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அவ்வாறு சேர்க்கும்போதுதான் நோய்களும் வந்து சேர்கின்றன. புதிய மீனை இரண்டு, மூன்று வாரங்களாவது வேறொரு தொட்டியில் வைத்து அவதானித்த பின்னரே பழைய மீன்களுடன் விட வேண்டும். கடையிலிருந்து கொண்டுவந்த நீரைத் தொட்டியில் ஊற்றுதல் ஆகாது. உடலிலும் செட்டைகளிலும் உப்புத்தூள் தூவியதுபோல வெண்புள்ளிகள் தோன்றினால் அது ஓர் ஒட்டுண்ணியின் வேலையாகும். புள்ளியாகத் தெரியும் பருவத்தில் மருந்து அதனை அணுகாது. மீனைவிட்டு நீங்கி நீரில் நீந்தும் பருவத்திலேயே அழிக்கலாம். நீரை 28 பாகையளவில் வைத்து, லீற்றருக்கு 2 முதல் 3 கிராம் வரையான கல்லுப்பை ஓரிரு நாட்களில் சிறிது சிறிதாகக் கரைத்துச் சேர்க்கலாம். கப்பி உப்பைத் தாங்கவல்லது. ஆனால் நீர்த்தாவரங்கள் பல அதனைத் தாங்கா. புள்ளிகள் மறைந்ததும் நிறுத்திவிடாது பத்து நாட்களேனும் தொடர வேண்டும். வால் நைந்து கிழிவதும் செட்டைகள் ஒட்டிக்கொள்வதும் பெரும்பாலும் நீரின் தரம் கெட்டதற்கான அறிகுறிகள். அங்கு முதல் மருந்து நீரை மாற்றுவதேயாகும். வயிறு ஒட்டி மெலிந்துகொண்டே போகும் மீனையும், மலவாயிலிற் சிவந்த நூல்போன்ற புழுக்கள் தெரியும் மீனையும் உடனே பிரித்துவைத்து அரச கால்நடை வைத்தியரிடம் ஆலோசனை பெறுவது உகந்தது. அண்மையிலுள்ள பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ பீடம் மீன் நோய்களையும் கற்பிக்கும் இடம் என்பது குறிப்பிடத்தக்கது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையைச் செய்ய வேண்டியுள்ளது. வீட்டில் மனிதருக்காக வாங்கி எஞ்சிய நுண்ணுயிர்க்கொல்லி வில்லைகளை உடைத்து மீன் தொட்டியில் தூவும் வழக்கம் கைவிடப்பட வேண்டும். அது தொட்டியிலுள்ள பயன்தரும் பற்றீரியாக்களைக் கொன்று நீரை நஞ்சாக்குவதுடன், மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாகவும் வழிசெய்கின்றது. அக்கிருமிகள் தொட்டியோடு நின்றுவிடுபவையல்ல. அவ்வாறே கையிற் காயமுள்ளவர்கள் தொட்டி நீரில் கையிடலாகாது. மீன்களுக்குக் காசம்போன்ற நோயை உண்டாக்கும் ஒருவகைப் பற்றீரியா மனிதரின் தோலிலும் ஆறாத புண்களை ஏற்படுத்த வல்லது. தொட்டியைக் கவனித்த பின்னர் சவர்க்காரமிட்டுக் கைகழுவும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு ஏற்படுத்துவது பெற்றோரின் கடமையாகும்.

கப்பி என்றதும் டெங்கு ஒழிப்பும் எமது நினைவுக்கு வருகின்றது. 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 186,101 பேர் டெங்கு நோயாளர்களாகப் பதிவாகினர். கைவிடப்பட்ட கிணறுகளிலும் சீமெந்து நீர்த்தாங்கிகளிலும் கப்பியை விடுவது நுளம்புக் குடம்பிகளைக் குறைக்கும் என்பது உண்மையே. சில பள்ளிவாசல்களின் ஹவுள்களிலும் ஆலயத் தடாகங்களிலும் மீன்கள் விடப்பட்டிருப்பதை நாம் காண்கின்றோம். அவற்றைக் கழுவிக் குளோரின் இடும்போது மீன்களை வேறிடத்துக்கு மாற்ற மறத்தலாகாது. ஆனால் டெங்கு நுளம்பு பெரிதும் பெருகுவது சிரட்டையிலும் ரயரிலும் பூச்சட்டித் தட்டிலும் கூரைப் பீலியிலும் தேங்கும் சிறிதளவு நீரிலாகும். அங்கெல்லாம் மீன் விட இயலாது. தேங்கிய நீரை அகற்றுவதற்கு மீன் மாற்றீடாகாது. மீனுக்கு உணவாகக் குடம்பிகளை வாளியில் வளர்ப்பதும், மீன்கள் இறந்த பின்னர் வெறும் தொட்டியை முற்றத்தில் மழைக்கு விட்டுவைப்பதும் நுளம்புக்கு நாமே இடமமைத்துக் கொடுக்கும் செயல்களாகும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வீட்டுரிமையாளர் அதற்குப் பதில் கூற வேண்டியிருக்கும்.

இறுதியாக, இம்மாவட்டத்துக்கே உரிய விடயமொன்றை வலியுறுத்த விரும்புகின்றோம். பெருகிவிட்ட குஞ்சுகளை என்ன செய்வதென்று அறியாது, "பாவம், பிழைத்துப் போகட்டும்" என்று அருகிலுள்ள ஓடையில் விட்டுவிடுவோர் உள்ளனர். இரக்கத்தினாற் செய்யப்படும் இச்செயல் வேறு உயிர்களுக்கு இரக்கமற்றதாக முடிகின்றது. மாத்தளை நகரினூடாக ஓடும் சுது கங்கை அம்பன் கங்கையில் சேர்கின்றது. நக்கிள்ஸ் மலைத்தொடரிலிருந்து வரும் களு கங்கையும் அம்பன் கங்கையையே அடைகின்றது. இந்த ஆற்றுத் தொகுதியில் உலகில் வேறெங்குமில்லாத மீனினங்கள் வாழ்கின்றன. லக்கலப் பகுதிக் களு கங்கையில் வாழும், 1985இல் விஞ்ஞான உலகுக்கு அறிமுகமான டோக்கின்சியா சிறிலங்கென்சிஸ் என்னும் மீனும், 1991இல் விபரிக்கப்பட்ட சிஸ்டோமஸ் மார்ட்டின்ஸ்டைனியும் அவற்றுட் சில. நக்கிள்ஸ் வனம் 2010ஆம் ஆண்டில் மத்திய மலைநாட்டின் ஓரங்கமாக உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

கப்பியோ எங்கும் குடியேறவல்லது; உள்ளூர் மீன்களின் முட்டைகளையும் குஞ்சுகளையும் உண்ணக்கூடியது; அவற்றின் உணவையும் பங்குபோடுவது; கடையிலிருந்து வந்த ஒட்டுண்ணிகளையும் தன்னோடு கொண்டுசெல்வது. சினையுற்ற ஒரேயொரு பெண்மீன் போதுமா என்று அறிய ட்ரினிடாட்டில் ஆய்வொன்று நடத்தப்பட்டது. தனித்தனித் தொட்டிகளில் ஒவ்வொரு பெண்மீன் மாத்திரம் விடப்பட, இரண்டு ஆண்டுகளின் பின்னரும் அவற்றுட் பெரும்பாலானவற்றில் அதன் சந்ததி நிலைத்திருந்ததாக 2011இல் வெளியான முடிவுகள் தெரிவித்தன. "ஒரு மீன்தானே" என்ற வாதம் இதனால் அடிபட்டுப் போகின்றது. மேலதிகக் குஞ்சுகளை நண்பர்களுக்கோ கடைக்காரருக்கோ கொடுக்கலாம். பாடசாலைத் தொட்டிக்கு வழங்கலாம். ஆணையும் பெண்ணையும் பிரித்து வைக்கலாம். ஓடையிலும் குளத்திலும் விடுவது மாத்திரம் ஆகாது. மூடப்பட்ட கிணற்றிலோ தாங்கியிலோ நுளம்புக்காக மீன் விட விரும்புவோரும், அந்நீர் வெள்ளக் காலத்தில் ஓடையோடு கலவாது என்பதை உறுதிசெய்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனையுடன் செய்வதே தகும்.

பூனையொன்றுக்கு உணவும் கொடாது, தானே தேடி உண்ண அவிழ்த்தும் விடாது அடைத்து வைத்து அது இறக்கக் காரணமான பெண்ணைப் பற்றிய நபிமொழியை முஸ்லிம் வாசகர்கள் நன்கறிவர். எவ்வுயிரையும் வருத்தாதிருத்தல் சைவத் தமிழ் வீடுகளிலும் பிள்ளைப் பருவத்திலேயே புகட்டப்படும் பாடம். அடைத்துவைத்த உயிரின் நீரும் உணவும் வெப்பமும் முழுமையாக அடைத்தவரின் கையிலேயே உள்ளன. எனவே அடுத்த விடுமுறையில் மீன் வேண்டுமென்று பிள்ளை கேட்கும்போது பெற்றோர் மறுக்க வேண்டியதில்லை. முதலில் தொட்டியை வாங்கி, ஒரு மாதம் அதனைத் தயார்செய்யும் வேலையைப் பிள்ளையிடமே ஒப்படைத்து, அதன்பின்னர் இரண்டு மூன்று மீன்களை மாத்திரம் வாங்கிக் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கின்றோம். அந்த ஒரு மாதக் காத்திருப்பு மீன்களின் ஆயுளை ஆண்டுகளாக நீட்டக்கூடியது.